பாரத்தை இறக்கி வைக்க ஓர் இடம்

துணி துவைக்கும்போதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவருடைய நீலச் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாத நாளே கிடையாது. பார் சோப்பைத் தேய்த்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, என் விரல் நுனியெல்லாம் எரியும். 2015 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், அந்தச் சட்டையை வழக்கம் போல் ஊறப் போட்டேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கறையே இல்லை. மறுநாள் சட்டையிலும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

என் மனசு எங்கெங்கேயோ போயிற்று. வேலைக்கென்று கிளம்பி வேறெங்காவது போகிறாரோ? வேறு யாராவது...? பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்த மனுஷனைப் பற்றி அப்படி நினைத்தேனே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, உண்மை தெரியாத இடத்தில் மனசு சும்மா இருக்காது. தானே ஒரு கதையைக் கட்டிக்கொள்ளும். அது நல்ல கதையாக ஒருநாளும் இருக்காது.

விஷயம் எதிர்வீட்டு அக்கா மூலம் தெரிந்தது. அவர் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். "உங்க வீட்டுக்காரரை ஸ்ரீபெரும்புதூர் கோயில் மண்டபத்துல ரெண்டு மூணு தடவை பார்த்தானாம்மா. பகல்ல. டிபன் பையோட தனியா உக்காந்திருந்தாராம். உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலேயே அவரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பத்தொன்பது நாளாக விடிகாலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு டாட்டா காட்டிவிட்டு, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி எங்கேயோ நடந்து போயிருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பிழைப்பு

எங்கள் பக்கத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது சுங்குவார்சத்திரம். சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி வரும் ஊர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இங்கே ஏரியும் நெல் வயலும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தயாராக ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் பக்கத்தில் அதற்குச் சாமான் செய்துகொடுக்கும் சின்னச் சின்னக் கம்பெனிகள், அவற்றை நம்பி மெஸ், வாடகை வீடு, பெட்டிக்கடை, பூக்காரி என்று ஊரே மாறிப்போயிற்று.

பிறகு அடி விழுந்தது. வருமான வரித் தகராறில் சிக்கிய நோக்கியா ஆலை, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய 2014 ஏப்ரலில் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி ஆலை உற்பத்தியை நிறுத்தியது. டிசம்பர் கடைசியில், அங்கே இருந்த பாக்ஸ்கான் ஆலையும் நிறுத்தியது. வேலை இழந்தவர்களில் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து தங்கி, தங்கைக்கும் தம்பிக்கும் பணம் அனுப்பிய இளம்பெண்கள் எத்தனையோ பேர்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் வேலை போயிற்று. மூன்றில் எங்கள் வீடும் ஒன்று என்பது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது.

அன்று ராத்திரி

பிள்ளைகள் தூங்கிய பிறகு பக்குவமாக உட்கார்ந்து பேசினேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் பேசவில்லை, கத்தினேன்.

"பத்தொன்பது நாளா நான் கட்டின சோத்தை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கோயில்ல. பாதி நாள் நாய்க்குப் போட்டுட்டேன். தொண்டையில இறங்கல" என்றார்.

எனக்குக் கோபம் அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"உனக்கு எதுக்குக் கஷ்டம்னுதான். வேற வேலை கெடைச்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். செட்டில்மென்ட் பணம் நாப்பத்திரெண்டாயிரம் இருக்கு. அதையே சம்பளம்னு ரெண்டு மாசம் குடுத்துடலாம்னு பார்த்தேன்." கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு மேல முடியலன்னா உன் வளையல் இருக்குல்ல, அதை வெச்சுச் சமாளிக்கலாம்" என்றார்.

இப்போது தலை குனிய வேண்டியது என் முறை.

நாலு பவுன் வளையல். எங்கள் கல்யாணத்துக்கு அவர் அம்மா போட்டது. அது வீட்டில் இல்லை. முந்தின வருஷம் என் தம்பி பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, ஆபரேஷனுக்காக அதை ஐம்பதாயிரத்துக்கு அடகு வைத்துக் கொடுத்திருந்தேன். "நகையை பீரோவில் வைக்க பயமா இருக்கு, அம்மா வீட்டு லாக்கரில் வைத்திருக்கேன்" என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தேன். தம்பி திருப்பிக் கொடுத்ததும் மீட்டுவிடலாம், சொல்லவே வேண்டாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் போட்ட அதே கணக்கு!

சொன்னேன். அவர் கத்தவில்லை. "நீயுமா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் நாலு அடி அடித்திருந்தால்கூட தேவலை என்றிருந்தது.

அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கவில்லை, பேசவும் இல்லை. ஆனால் காலையில் அவர் யூனிபாரத்தை எடுக்கவில்லை. கைலியோடு வாசல்படியில் உட்கார்ந்து, தெருவே பார்க்க, காபி குடித்தார். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், தெருவுக்குத் தெரிந்துவிட்டது. தலை ஒன்றும் போய்விடவில்லை.

எங்கள் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். யாரிடமும் சொல்லாதே என்று குரு சொன்ன மந்திரத்தை, எல்லாரும் கடைத்தேறட்டும் என்று திருக்கோஷ்டியூரில் ஊரைக் கூட்டிச் சொன்னவர் அவர் என்று பெரியவர்கள் கதை சொல்வார்கள். அவர் ஊர்க் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டா இந்த மனுஷன் பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு நாங்கள் சிரித்திருக்கிறோம். அன்று சிரிக்கவில்லை.

வேலை போனால் மனுஷனுக்கு என்ன ஆகிறது?

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஒருநாள் ஒரு விஷயம் படித்துச் சொன்னாள். ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகரத்துக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு கிராமம். அங்கே இருந்த நூல் ஆலை மூடி, ஏறக்குறைய ஊரே வேலையில்லாமல் போயிற்று. மரி யஹோடா என்ற பெண்மணியும் அவர் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்து, 1933-ல் புத்தகம் வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டதாம். ஆண்களின் நடையே மெதுவாகிவிட்டதாம். வழியில் நின்று நின்று போவார்களாம். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லையாம். பெண்களுக்கு மட்டும் அடுப்படி வேலை இருந்ததால் நாள் ஓடியிருக்கிறது.

கேட்டதும் எனக்கு அந்த மண்டபம்தான் கண்முன் வந்தது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுகிறோமே, அது பல வேளை சோம்பேறித்தனமே இல்லை. வேலையோடு சேர்த்து, தான் யார் என்பதும் கையை விட்டுப் போகிறது. அந்த நேரத்தில் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துச் சொல்ல நாக்கு எழுவதில்லை.

இன்னொன்றும் சொன்னாள். 2006-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோன் என்ற உளவியல்காரரும் கூட்டாளிகளும் கல்யாணமான 16 பெண்களை ஸ்கேன் மெஷினில் படுக்க வைத்து, லேசான மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று சொல்லி, மூளை எப்படிப் பயப்படுகிறது என்று பார்த்தார்களாம். தனியாக இருந்தபோது பயம் அதிகம். முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்தபோது ஓரளவு குறைந்தது. கணவன் கையைப் பிடித்தபோது இன்னும் குறைந்தது. ஒற்றுமையாகக் குடித்தனம் செய்தவர்களுக்கு மிகவும் குறைந்தது. பதினாறு பேரை வைத்துச் செய்த சின்ன ஆராய்ச்சிதான். ஆனாலும் பிரசவ வார்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டுமா, என்ன?

மாமியார் சொன்ன சுமைதாங்கி

மறு வாரம் வாலாஜாபாத் பக்கத்திலிருக்கும் மாமியார் வீட்டுக்குப் போனோம். வேலை போனதையும் சொன்னோம், வளையல் போனதையும் சொன்னோம். வளையல் விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தானே!

மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நம்ம பழைய ரோட்டுல சுமைதாங்கிக் கல்லு இருக்கே, பார்த்திருக்கியா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நிறுத்தி, மேலே ஒரு கல் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கிற உயரத்தில் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தக் கல்லை நட்டு வைப்பது நம் பழைய வழக்கம்.

"நான் புல்லுக்கட்டைத் தூக்கிக்கிட்டு வரச்சே அதுல இறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்குவேன். கல்லு என்னா, கட்டையா வாங்கிக்கும்? கொஞ்ச நேரம் வெச்சுக்கும். அப்புறம் நாமதான் தூக்கணும். ஆனா அந்தக் கல்லு இல்லன்னா பாதி வழியிலேயே விழுந்திருப்பேன். நீங்க ரெண்டு பேரும் தலையில வெச்சுக்கிட்டே நின்னா கழுத்து ஒடியாதா?"

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. கிளம்பும்போது ஒரு மூட்டை அரிசி ஏற்றிவிட்டார்.

கஷ்ட காலத்தில் பிறரைச் சார்ந்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நம் பாரத்தை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ஓடிப்போவது என்று நினைத்துத்தான் நாம் கூச்சப்படுகிறோம். அப்படியில்லை. கொஞ்ச நேரம் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, நாமே திரும்பத் தூக்கிக்கொள்வது. அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மாவு ஆட்டிய கதை

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஆறு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தார்கள். எல்லாருக்கும் ஆலை வேலை. அவர்களில் இரண்டு பேருக்கு அந்தச் சமயம் வேலை இல்லை. மற்ற நாலு பேரும் வாடகையை நாலாகப் பிரித்துக்கொண்டார்கள். வேலை இல்லாத இருவரும் ஆறு பேருக்கும் சமைத்தார்கள், துணி துவைத்தார்கள். "வேலை கெடைச்சதும் கணக்கு பார்த்துக்கலாம்க்கா" என்று சிரித்தார்கள். இருபது வயசுப் பெண்களுக்கு இருந்த தெளிவு நாற்பதை நெருங்கும் எங்களுக்கு இல்லையே என்று நினைத்தேன். (இப்போது வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி, 2024 ஆகஸ்டில் திறந்தது, இருக்கிறது. அப்போது இந்த மாதிரி வாடகை வீடுகள்தான்.)

அந்தப் பெண்கள்தான், "அக்கா, நீங்க இட்லி மாவு ஆட்டிக் குடுங்களேன். ஷிப்ட் முடிஞ்சு வந்து எங்களால முடியல" என்று கேட்டார்கள். கிரைண்டர் வாங்கப் பணம்? எதிர்வீட்டு அக்கா என்னை அவருடைய மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்த்துவிட்டார். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழக அரசு தொடங்கிய ஏற்பாடு இது. நகை, பத்திரம் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருத்திக்கு மற்றவர்களின் வார்த்தைதான் ஜாமீன். நான் தவணை கட்டாவிட்டால் பதினோரு பெண்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நம்பிக்கைக்கு இதைவிடக் கணக்கான பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

நான் மாவு ஆட்டினேன். அவர் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். முதல் நாள் தூக்குப்பாத்திரத்தோடு தெருவில் போகக் கூசினார். பத்தாம் நாள், "அக்கா வீட்டுக்கு ரெண்டு லிட்டர், முனை வீட்டுக்கு ஒண்ணு" என்று அவரே கணக்குச் சொன்னார். அவர் நடை பழையபடி வேகமாகிவிட்டதை நான் கவனித்தேன்.

அஞ்சு மாதம் கழித்து, ஒரகடம் பக்கத்தில் சம்பளம் குறைவாக ஒரு வேலை கிடைத்தது. வளையலில் ஒன்றை மீட்டோம். மற்றது ஏலத்தில் போய்விட்டது. தம்பி பணத்தை மூன்று வருஷம் கழித்துத்தான் கொடுத்தான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு கை மட்டும் வளையலோடு இருப்பது எங்கள் இருவருக்கும் நல்ல நினைவூட்டல்.

பட்டுத் தெரிந்துகொண்டவை

இளம் தாய்மார்களுக்காக, அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறேன்.

*கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.* தள்ளிப் போடப் போட அதோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். வேலை போனதை நான் ஒரே நாளில் மன்னித்தேன். பத்தொன்பது நாள் டாட்டா காட்டியதை மன்னிக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

*சொல்கிறவரை முதலில் முழுக்கப் பேச விடுங்கள்.* நான் கத்தியது தப்பு. "நான் அப்பவே சொன்னேனே" என்பதை அன்றைக்கு மட்டும் விழுங்கிவிடுங்கள். முதலில் கத்தினால், அடுத்த கஷ்டத்தை உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

*எல்லாரிடமும் எல்லாம் சொல்லாதீர்கள்.* சொந்தத்தில் ஒருத்தரிடம் நம்பி அழுதேன். அடுத்த கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி எங்கள் கதைதான் பரிமாறினார்கள். பிறத்தியார் ரகசியத்தை உங்களிடம் சொல்கிறவர், உங்கள் ரகசியத்தை அடுத்த வீட்டில் சொல்வார் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

*கேட்கும்போது அளவாகக் கேளுங்கள்.* "ஏதாவது உதவி பண்ணுங்க" என்றால் யாருக்கும் புரியாது. "ஒரு வாரம் சாயந்திரம் பையனைப் பார்த்துக்கறீங்களா?" என்றால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

*வாங்கியதை எழுதி வையுங்கள்.* நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். பணம் மட்டுமல்ல, அரிசி, குழந்தையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அதில் உண்டு. ஞாயிறு சாயந்திரம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். திருப்பிச் செய்ய மறக்காமல் இருக்கத்தான்.

*குழந்தைகளிடம் அளவாக உண்மையைச் சொல்லுங்கள்.* எட்டு வயது மகளிடம், "அப்பாவுக்கு இப்ப வேலை இல்ல, தேடிக்கிட்டிருக்காரு, சாப்பாட்டுக்குக் குறை வராது" என்றோம். அவள், "அதான் அப்பா அழுதாரா?" என்றாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது!

இன்னும் ஒன்று. பொறுத்துப் போவது வேறு, அடி வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. கஷ்ட காலம் என்ற சாக்கில் கை நீட்டினால் அது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. 181 பெண்கள் உதவி எண் இருக்கிறது. வீட்டில் யாராவது நாள்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று பேசினால், பெரியவர்கள் சொல்லும் ஆறுதலோடு நிறுத்தாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. 2022 அக்டோபரில்தான் அது வந்தது. அந்தப் பத்தொன்பது நாளில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பகலெல்லாம் தனியாக உட்கார்ந்து அவர் என்னென்ன நினைத்தாரோ, இன்றுவரை முழுக்கச் சொன்னதில்லை. நானும் தோண்டிக் கேட்டதில்லை.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. எங்கள் நெடுஞ்சாலையே வெறிச்சோடியது. அன்று அவர் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், "இந்தா, கம்பெனியை மூடிட்டாங்க. எப்பத் திறப்பாங்கன்னு தெரியல. கையில பதினோராயிரம் இருக்கு" என்றார்.

"சரி, முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன்.

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பயம் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கமாகப் படுத்து விழித்துக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் வீட்டுச் சட்டையிலும் என்றைக்காவது கறை காணாமல் போனால், கதை கட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்னங்க, என்ன விஷயம்?" என்று கேளுங்கள். நீங்கள் மறைத்து வைத்திருப்பது ஏதாவது இருந்தால், அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.